ஏ.ஏ. கூட்டங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., குடிநோயாளிகளே கூடி ஒருவருக்கொருவர் கைகொடுத்துக் குடியிலிருந்து மீளும் அமைப்பு. 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தபோது இது தொடங்கியது. இருவருமே குடியால் நொடிந்தவர்கள். அதே துன்பத்தில் இருக்கும் இன்னொருவரிடம் மனம்விட்டுப் பேசினால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். இந்தியாவிலும் 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஏ.ஏ. இயங்குகிறது, தமிழகத்தில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. ஆனால் தவறான எண்ணங்கள் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

நம்பிக்கை: எல்லாவற்றையும் இழந்தவர்கள்தான் அங்கே போவார்கள்.

உண்மை: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. எவ்வளவு குடித்தார், எத்தனை ஆண்டு குடித்தார் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. வேலையும் குடும்பமும் கையில் இருக்கும்போதே வருபவர்கள் உண்டு. அப்படி வருவதே நல்லது. அன்று குடித்திருந்தாலும் அமைதியாக உட்கார்ந்து கேட்கலாம். பேசுவதை மட்டும் வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளும்படி பல குழுக்கள் கேட்டுக்கொள்ளும்.

நம்பிக்கை: போனால் ஊருக்கே தெரிந்துவிடும்.

உண்மை: பெயர் வெளியிடாமை இந்த அமைப்பின் அடித்தளம். முகவரியோ அடையாள அட்டையோ கேட்பதில்லை. அறையில் கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது உறுப்பினர்கள் காக்கும் மரபு. குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் கலந்துகொள்வது மூடிய கூட்டம். குடும்பத்தினர், மாணவர்கள் என யாரும் வரக்கூடியது திறந்த கூட்டம். கூச்சம் அதிகமுள்ளவர்கள் மூடிய கூட்டத்தையோ இணையவழிக் கூட்டத்தையோ தேர்ந்தெடுக்கலாம்.

நம்பிக்கை: முதல் நாளே எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உண்மை: பேச விருப்பமில்லை என்றால் கேட்டுவிட்டு வரலாம். கூட்டம் பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் நடத்துவார், ஏ.ஏ. நூலிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பதும் உண்டு. பிறகு பேச விரும்புபவர் தன் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார். கடன், வீட்டுச் சண்டை, விடியற்காலைக் கைநடுக்கம், குடிக்காமல் கழிந்த நேற்றைய நாள் என்று தன் கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கிடுவதில்லை, புத்திமதியும் சொல்வதில்லை. கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது பழைய உறுப்பினர் ஒருவர் புதியவரிடம் தன் போன் எண்ணைக் கொடுப்பார். குடிக்கத் தோன்றும் நேரத்தில் அழைக்க அந்த எண் பெரிதும் உதவும். நாளடைவில் அவரோ வேறொருவரோ ‘ஸ்பான்சர்’ என்னும் வழிகாட்டியாகி, 12 படிகள் எனப்படும் மீட்சி முறையைக் கடக்கத் துணைநிற்பார்.

நம்பிக்கை: அது மதம் சார்ந்த கூட்டம்.

உண்மை: தேவாலய வளாகங்களில் கூட்டங்கள் நடப்பதைப் பார்த்து இப்படி நினைப்பவர்கள் உண்டு. அங்கே ஏ.ஏ. இடத்தை மட்டுமே பயன்படுத்துகிறது. எந்த மதத்தோடும் கட்சியோடும் அதற்குத் தொடர்பில்லை. படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. ஆனால் அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று படிகளே சொல்கின்றன. நாத்திகர்கள் பலர் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

நம்பிக்கை: கட்டணம் கேட்பார்கள்.

உண்மை: கட்டணமோ சந்தாவோ கிடையாது. செலவுக்கு உறுப்பினர்கள் விரும்பியதைப் போடுவார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை.

நம்பிக்கை: கூட்டத்துக்குப் போனால் மருத்துவர் தேவையில்லை.

உண்மை: இது ஆபத்தான எண்ணம். பல காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் சிலருக்கு மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் சேர்ந்த ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்னும் நிலை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே நிறுத்தும் கட்டத்தை மருத்துவர் மேற்பார்வையில் கடக்க வேண்டும். அதற்குப் பிந்தைய நீண்ட காலத்துக்குக் கூட்டங்கள் துணை. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த உறுப்பினருக்கும் இல்லை.

நம்பிக்கை: வெறும் பேச்சு, அறிவியல் ஆதாரம் இல்லை.

உண்மை: காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மறுஆய்வு, 10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் சேர்ந்து பங்கேற்கும்படி முறையாக வழிநடத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் பிற சிகிச்சைகளைவிடச் சிறந்த பலன் தந்தது. எல்லோருக்கும் இதே பலன் கிடைக்கும் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு குழு பிடிக்காவிட்டால் வேறு இரண்டு மூன்று குழுக்களுக்குப் போய்ப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

நம்பிக்கை: மறுபடி குடித்துவிட்டால் அங்கே முகம் காட்ட முடியாது.

உண்மை: சறுக்கல் இந்த நோயில் அடிக்கடி நேர்வது. அறையில் இருப்பவர்களில் பலர் அதைத் தாண்டி வந்தவர்கள். மறுபடி குடித்தவருக்குக் கூட்டம் முன்பைவிட அதிகம் தேவை.

நம்பிக்கை: குடிப்பவர் வர மறுத்தால் குடும்பத்துக்கு வழியில்லை.

உண்மை: குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951-இல் அல்-அனான் என்ற தனி அமைப்பு தொடங்கப்பட்டது, பதின்வயதினருக்கு அலட்டீன் குழுக்கள் உண்டு. குடிப்பவர் வந்தாலும் வராவிட்டாலும் மனைவியும் பெற்றோரும் பிள்ளைகளும் இவற்றில் சேரலாம்.

அருகிலுள்ள கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்திலோ, போதை மீட்பு மையங்களிலோ, மனநல மருத்துவரிடமோ கேட்டறியலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை. குடிப்பவரோ அவர் வீட்டில் ஒருவரோ இன்றே அழைத்துக் கேட்கட்டும்.