எட்டெழுத்தை விலைக்கு வாங்கியவர்

தஞ்சை வளநாட்டைச் சார்ந்த திருத்துறைப்பூண்டியிற் பிறந்தவர் சீனிவாசன். எஸ். எஸ். வாசன் எனப் பிற்காலத்தில் நாடறிந்தவர் இவரே. இளமையிலேயே தந்தையை இழந்த இவரை அன்னையார் சென்னைக்கு அழைத்து வந்து அரும்பாடுபட்டுப் படிக்க வைத்தார். பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் படிப்பு நிறைவுறவில்லை. வறுமை அவரை வாணிகத்தின்பாற் செலுத்திற்று.

கடை வைப்பதற்கோ கையில் முதல் இல்லை. ஆதலின் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்த்துத் தரும் முகவரானார். பொருட்பட்டியலை அச்சிட்டு அஞ்சல் வழியே பண்டங்களை விற்கவும் தொடங்கினார். அக்காலத்தில் புதுமையாகத் தோன்றிய இவ்வாணிகத்தின் இயல்பை அறிதல் நன்று. பட்டியலைக் கண்டவர் ஒரு கடிதம் எழுதினாற் போதும். பண்டம் வி.பி.பி. முறையில் அவர் ஊருக்குச் செல்லும். அஞ்சற்காரர் விலையைப் பெற்றுக்கொண்டு பொதியை ஒப்படைப்பார். பணம் விற்றவரை வந்தடையும். சவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூரில் வாழ்பவரும் சென்னைக் கடைவீதியில் நிற்பவருக்கு ஒப்பாவர். ஆயினும் வாங்குவோர் பண்டத்தைக் காண்பதில்லை. விற்போர் முகத்தையும் காண்பதில்லை. அச்சிட்ட சொல்லே அங்குக் கடையும் தராசும் ஆகும். பொதியை ஏற்க மறுத்துத் திருப்பிவிட்டாலோ, இழப்பு விற்றவர் தலையிலேயே விழும். தொலைவில் உள்ளவர் உள்ளத்தைச் சொல்லால் தொடும் பயிற்சியை வாசன் பெற்றது இத்தொழிலில்தான்.

பூதூர் வைத்தியநாதையர் 1926-இல் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’ என்னும் திங்களிதழ் தடுமாற்றமுற்றது. அதனை 1928-இல் வாசன் விலைக்கு வாங்கினார். எழுத்தொன்றுக்கு 25 ரூபாயாக எட்டெழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்பர். பெயரின் எழுத்துகளை மாணவர் எண்ணிப் பார்க்கலாம். கல்கி கிருஷ்ணமூர்த்தியின் எழுத்தும் மாலியின் கேலிச்சித்திரங்களும் அவ்விதழுக்குப் புத்துயிர் அளித்தன. நாளடைவில் அது வார இதழாயிற்று. பரிசுப் பணத்துடன் அவர் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி வாசகரைப் பெருக்கியது. அது சூதை ஒத்தது எனக் கண்டித்தோரும் உண்டு. அக்கண்டனத்தை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. பரிசு கருதி வாங்கியவர் சிலரேனும் கதைகளையும் படித்திருப்பர் என்பதும் மறுத்தற்கரியது.

வாசன் எழுதிய ‘சதி லீலாவதி’ என்னும் தொடர்கதை 1936-இல் திரைப்படமாயிற்று. பின்னர்ப் படங்களை வாங்கி வெளியிடும் தொழிலில் இறங்கினார். தீயினாற் சேதமுற்று ஏலத்துக்கு வந்த படப்பிடிப்பு நிலையம் ஒன்றை வாங்கி, 1940-இல் ‘ஜெமினி’ எனப் பெயரிட்டார்.

அவருடைய வாழ்வையே துலைக்கோலில் நிறுத்தியது ‘சந்திரலேகா’ என்னும் படம். பல ஆண்டு உழைப்பில், ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய்ச் செலவில் உருவாகி, 1948 ஏப்ரலில் அது வெளிவந்தது. ஒரு மாளிகையே வாங்கத்தக்க பொருளை இலட்சக் கணக்கில் எண்ணாத காலம் அது. பேரளவான முரசுகளின்மேல் மகளிர் ஆடுவதும், ஆடல் முடிந்ததும் முரசுகளின் உள்ளிருந்து வீரர்கள் வெளிப்படுவதும் அதன் புகழ்பெற்ற காட்சி. தமிழகத்து வருவாய் செலவை ஈடு செய்யவில்லை. மற்றொருவராயின் இழப்பைக் கணக்கிட்டு ஒடுங்கியிருப்பர். வாசனோ, அவ்வாண்டு டிசம்பரிலேயே இந்தி வடிவத்தை வெளியிட்டார். வடநாட்டு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. நகரந்தோறும் சுவரொட்டிகள் மின்னின. நடிகர்களின் பெயர் அறியாத மக்கள் திரளாக வந்து கண்டனர். பட்டியலை நம்பிப் பணம் கொடுத்த சிற்றூராரைப் போலவே, இவர்களும் விளம்பரத்தை நம்பி வந்தவர்களே. வந்தவர்களை ஏமாற்றாத காட்சி உள்ளே இருந்தமையால், தென்னாட்டுப் படங்களுக்கு வடநாட்டுச் சந்தை திறந்தது.

1964 முதல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த வாசன் 1969-இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் மறைந்தார். ஜெமினி நிலையம் இன்று இல்லை. அதனருகே 1973-இல் திறக்கப்பெற்று அண்ணா பெயரைத் தாங்கி நிற்கும் மேம்பாலத்தை மட்டும் சென்னை மக்கள் இன்றும் ஜெமினி மேம்பாலம் என்றே வழங்குகின்றனர்.