இரிடியத்துக்கு வானவில் நிறம் கிடையாது

பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒட்டுக்கடையில் தே தாரிக் வருவதற்குள் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டுகிறார். படத்தில் ஒரு பழைய செம்பு, இல்லாவிட்டால் ஒரு கோயில் கலசம். அதன் வயிற்றுப் பகுதி நீலமும் ஊதாவும் கலந்து மயில்கழுத்து நிறத்தில் மினுங்குகிறது. "ஐயா, இது இரிடியம்தானே? தோட்டத்துக் கோயில்ல இடி விழுந்த கலசமாம். அரிசியை இழுக்குதாம். சிங்கப்பூர்லேருந்து ஆள் வந்து பார்க்கப் போறாங்களாம்."

இல்லை. அது இரிடியம் இல்லை. இதுவரை எனக்குக் காட்டப்பட்ட எதுவும் இரிடியம் இல்லை. இனிமேல் காட்டப்போவதும் இருக்காது. ஈப்போ வட்டாரத்து ஈய (வெள்ளீய) ஆலைகளில் தாது சோதனை பார்த்துப் பிழைத்தவன் நான். கல்லையும் உலோகத்தையும் நிறம் பார்த்து, எடை பார்த்து, உரசிப் பார்த்து ஒதுக்குவதுதான் என் வேலையாக இருந்தது. அந்த உரிமையில் கொஞ்சம் கண்டித்தே எழுதுகிறேன்.

முதலில் நிறம். இரிடியம் வெள்ளை நிற உலோகம். வெள்ளியைப் போன்ற வெண்மை, அதில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் மிக லேசான மஞ்சள் சாயல். நீலம், ஊதா, பச்சை எதுவும் அதில் இல்லை. பிறகு இந்த வானவில் கதை எங்கிருந்து வந்தது? 1803இல் லண்டனில் ஸ்மித்சன் டென்னன்ட் என்ற வேதியியலாளர் பிளாட்டினத் தாதுவை இராஜ திராவகத்தில் கரைத்தார். கரையாமல் அடியில் தங்கிய கறுப்புத் தூளை ஆராய்ந்தபோது ஆஸ்மியம், இரிடியம் என்று இரண்டு புதிய உலோகங்கள் கிடைத்தன. இரிடியத்தின் உப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் காட்டின. அந்தப் பல வண்ணங்கள் சோதனைக் கூடத்துக் கண்ணாடிக் குப்பியில் இருக்கும் உப்புகளுக்கு உரியவை. உலோகத்துக்கு உரியவை அல்ல. நம் ஊரில் யாரோ இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, மயில்கழுத்து நிறத்தில் மினுங்குவதெல்லாம் இரிடியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கலசத்தில் தெரியும் அந்த நிறம் என்ன என்றால், செம்பு சூடேறும்போது அதன் மேல் படியும் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம். படலத்தின் கனம் இடத்துக்கு இடம் மாறும்போது அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறமும் மாறுகிறது. அடுப்பில் வைத்த செம்பிலும் வரும், தீப்பட்ட செம்புக் கம்பியிலும் வரும். சந்தேகம் இருந்தால் ஒரு நெல்லிக்காய் அளவு புளியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து, அந்த 'இரிடியத்தை' நன்றாகத் தேயுங்கள். நீலம் போகும், ஊதா போகும், உங்கள் பாட்டி செம்புக்குடம் தேய்த்தபோது வந்த அதே சிவந்த செம்பு வெளியே வரும். பல கோடி வெள்ளி பெறும் என்று சொல்லப்பட்ட பொருளை ஒரு புளி உருண்டை அம்பலப்படுத்திவிடும். இதைச் செய்து பார்க்க எந்தத் தரகரும் விடமாட்டார். "கை பட்டால் சக்தி போய்விடும்" என்பார். அங்கேயே நீங்கள் எழுந்து வந்துவிட வேண்டும்.

அடுத்தது இடி. இடி விழுந்தால் செம்பு இரிடியமாக மாறும் என்பதைப் படித்த பிள்ளைகளே என்னிடம் வாதாடுகிறார்கள். அதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. செம்பின் அணுக்கருவில் இருப்பவை 29 புரோட்டான்கள். இரிடியத்தில் 77. மின்னல் செம்பை உருக்கும், கருக்கும், ஓட்டை போடும். அணுக்கருவுக்குள் 48 புரோட்டான்களைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. படிவம் நான்கில் அறிவியல் படித்த பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும் பணத்தின் பெயரைக் கேட்டதும் மறந்துபோகிறது.

எடையைப் பாருங்கள். பூமியில் கிடைக்கும் மிகக் கனமான பொருள்களில் இரிடியம் ஒன்று. ஒரு கன சென்டிமீட்டர் 22.5 கிராமுக்கு மேல் இருக்கும். செம்பு 9 கிராம்கூட இல்லை. கால் லிட்டர் தம்ளர் நிறைய இரிடியம் இருந்தால் ஐந்தரைக் கிலோவைத் தாண்டும். தரகர் அந்தக் கலசத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுகிறாரே, அதற்கு என்ன பதில்? அதோடு, இரிடியம் உருகுவதற்கு 2,400 பாகை செல்சியசுக்கும் மேல் வெப்பம் வேண்டும். செம்பு 1,085 பாகையில் உருகிவிடும். அந்தக் காலத்தில் பால்மரத் தோட்டத்துக் கோயிலுக்குக் கலசம் செய்துகொடுத்த கன்னார் எந்த உலையில் இரிடியத்தை உருக்கியிருப்பார்? உலகம் முழுவதும் ஓராண்டில் எடுக்கப்படும் இரிடியம் பத்து டன்னைக்கூட எட்டுவதில்லை. அதிலும் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களிலிருந்து வருகிறது.

இனி அரிசி. கலசத்துக்குள் வரகும் நெல்லும் நிரப்பிக் கும்பாபிஷேகம் செய்வது நம் வழக்கம். தானியத்துக்கும் கலசத்துக்கும் நம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் அந்தப் பக்தித் தொடர்பைத்தான் இந்த ஏமாற்றுக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். இரிடியம் இரும்பைக்கூட இழுக்காது. அரிசியை இழுக்கும் உலோகம் என்று எதுவும் உலகத்தில் இல்லை. அரிசியில் இரும்புத் தூள் ஏற்றப்பட்டிருக்கும், பாத்திரத்தின் அடியில் காந்தம் இருக்கும், வித்தை அவ்வளவுதான். உங்கள் வீட்டு அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வையுங்கள். அவர்கள் கொண்டுவந்த அரிசியில் உங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

அடுத்து வருவது வெள்ளிக் கவசம் போட்ட 'விஞ்ஞானி'. கதிர்வீச்சு அதிகம், சோதனைக்கு இவ்வளவு கட்டணம், கவச உடைக்கு இவ்வளவு வாடகை என்று பணம் கறக்கும் படலம் இங்கேதான் தொடங்குகிறது. 2018 மே மாதம் டெல்லி போலீஸ் ஒரு தந்தையையும் மகனையும் கைது செய்தது. நாசாவுக்கு அரிசி இழுக்கும் கருவி விற்கலாம் என்று சொல்லி, கவச உடையெல்லாம் காட்டி, ஒரு வணிகரிடம் 1.43 கோடி ரூபாய் வாங்கியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2014இல் 'சதுரங்க வேட்டை' படத்திலேயே இந்த வித்தையைப் பிட்டுப் பிட்டு வைத்தார்கள். நம் ஊரில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் குறைவு. பார்த்துக் கைதட்டியவர்களே பிறகு போய் முன்பணம் கட்டுகிறார்கள்.

கதிர்வீச்சைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இயற்கையில் கிடைக்கும் இரிடியத்தில் 191, 193 என்ற இரண்டு ஐசோடோப்புகள் உண்டு. இரண்டுமே கதிர் வீசாதவை. கதிர் வீசுவது இரிடியம்-192. அதை அணு உலையில் வைத்துத் தயாரிக்கிறார்கள். குழாய்களின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று படம் பிடிக்கப் பயன்படுகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 74 நாள். இரண்டு ஆண்டில் அதன் வீரியம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்படியிருக்க, நூறு வருடம் கோபுரத்தில் இருந்த கலசத்திலிருந்து இரிடியக் கதிர் எப்படி வரும்? உண்மையான இரிடியம்-192 கையில் கிடைத்தாலோ, அது உயிர் போகும் சமாச்சாரம். 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்கு வண்டியில் ஏற்றிவந்த 23 கிலோ எடையுள்ள, இரிடியம்-192 வைத்த கருவி ஒன்று வழியில் காணாமல் போய், நாடே பரபரத்தது. பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மஞ்சளில் கறுப்பு மூவிதழ் அடையாளம் போட்ட கனமான பெட்டி எது வந்தாலும் உடைக்காதீர்கள், எட்ட நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

இந்தக் கதையில் பணத்தை இழப்பவர்கள் யார் என்று பார்த்தால் வயிறு எரிகிறது. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியே வந்து, ஆலையிலும் லாரியிலும் உழைத்து, ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்தவர்கள். பிள்ளைக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்தவர்கள். அதைவிடக் கொடுமை, கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களே கலசத்தை இறக்கிக் காட்டுவது. லயத்து வீடுகள் இடிந்து, மக்கள் டவுனுக்குப் போன பிறகும் செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கும் கோயில்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அங்கே இரவில் ஏணி வைத்துக் கலசத்தைக் கழற்ற வருகிறவனுக்குத் துணிச்சல் கொடுப்பது இந்த வதந்திதான். பணம் கைமாறிவிட்டது என்றால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்பியிருந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள், பிறகு போலீஸ் புகார் கொடுங்கள். மணிக்கணக்கு இங்கே முக்கியம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. பழைய சிங்கர் தையல் மிஷினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது என்பது பொய். 2009இல் சவூதி அரேபியாவில் இதே புரளி கிளம்பிப் பழைய மிஷின்களின் விலை ஏறியது. எதிலும் ஒன்றும் இல்லை. பாதரசம் வெள்ளியாய்த்தான் மின்னும். சிவப்பாக இருப்பது அதன் தாதுவும் சில சேர்மங்களும். 'மஞ்சள் இரும்பு' வைத்திருந்தால் கத்தி பாயாது என்பதற்கு நான் மறுப்பு எழுதப்போவதில்லை, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளியாக மின்னும் கல் விலையுயர்ந்தது என்ற நம்பிக்கைக்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக்குட்டைப் பக்கம் கிடைக்கும் வெள்ளிநிறக் கட்டி பெரும்பாலும் ஆர்செனோபைரைட். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பூண்டு வாசம் வரும். அது ஆர்செனிக், நஞ்சு. அதை வீட்டு அடுப்பில் உருக்கிப் பார்க்கக் கிளம்பாதீர்கள். மாறாக, பேராக் மாநிலத்தை வாழவைத்த ஈயத்தாது பார்க்கக் கறுப்பு, அல்லது கரும்பழுப்பு. மணல் அலசும் டூலாங் தட்டில் அடியில் தங்கும் அந்தக் கரிய மணலை இன்று காட்டினால் "மண்ணு" என்று தூக்கிப் போடுவார்கள். அதைச் சோதிக்க நாங்கள் ஒரு துத்தநாகத் தகட்டில் நாலைந்து மணியை வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் விடுவோம். நுரை அடங்கியதும் பார்த்தால் கறுப்பு மணியின் மேல் சாம்பல் பூத்திருக்கும். துணியில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் வெள்ளையாகப் பளபளக்கும். அது ஈயம். பக்கத்திலேயே இருக்கும் இல்மனைட் என்ற தாதுவும் கறுப்புத்தான், ஆனால் அது அப்படியே கிடக்கும்.

கதிர்வீச்சுக்குப் பயப்பட வேண்டும் என்றால் அதே மணலில் தேன் நிறத்தில் கிடக்கும் மோனசைட்டுக்குப் பயப்படுங்கள். அதில் தோரியம் உண்டு. ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கிய, மோனசைட்டிலிருந்து அரிய மண் எடுக்கும் ஆலையை எதிர்த்து மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். மறு ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றார்கள். ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கதிர்வீச்சு என்றால் என்னவென்று பட்டுத் தெரிந்துகொண்ட மாநிலம் இது. இங்கே வந்து ஒருவன் கலசத்தைக் காட்டிக் கதிர்வீச்சுக் கதை சொல்லிப் பணம் பறிக்கிறான்.

என் நெடுநாள் கோரிக்கைக்கு வருகிறேன். கல்லை அடையாளம் காண மெருகு போடாத வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்று போதும். கல்லை அதில் அழுத்திக் கோடு இழுத்தால் விழும் தூளின் நிறம்தான் கல்லின் உண்மை நிறம். தங்கம்போல் மின்னும் பைரைட் கறுப்புக் கோடு போடும். வெள்ளிபோல் மின்னும் ஒருவகை ஹெமடைட் செங்கல் நிறத்தில் கோடு போடும். கறுப்பு ஈயத்தாது கிட்டத்தட்ட வெள்ளைக் கோடு போடும். இதைத் தன் கையால் இழுத்துப் பார்த்த பத்து வயதுப் பிள்ளையை, பெரியவனான பிறகு எந்த இரிடியத் தரகனும் ஏமாற்ற முடியாது. சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் ஒரு தாதுப் பெட்டி வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் விடாமல் கேட்டுவருகிறேன். மண்டபத்துக்குக் குளிர்சாதனம் வாங்கப் பணம் இருக்கிறது, இதற்கு இல்லை என்கிறார்கள். ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா சாலையில் புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கிருந்து பேருந்தில் ஒரு காலைப் பொழுது பயணம். பள்ளிச் சுற்றுலா என்றால் தீம் பார்க்கைத் தவிர வேறு இடம் தெரியாதா?

உங்கள் தாத்தாவோ அப்பாவோ ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்றால் வீட்டில் எங்காவது ஒரு ஹார்லிக்ஸ் போத்தலில் கரிய மணல் இருக்கும். வெளியே கொட்டாதீர்கள். அதில் மோனசைட்டும் கலந்திருக்கக்கூடும், பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காமல் மூடியை இறுக்கி வையுங்கள். எந்தச் சுரங்கம், எந்த வருடம் என்று தெரிந்ததை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். தாதுப் பெட்டி செய்ய முன்வரும் முதல் பள்ளிக்கு நானே வந்து, போத்தலில் இருப்பதைப் பிரித்து, பெயர் எழுதித் தருகிறேன்.