ருசி தரும் புரதமும் இரத்த அழுத்தமும்

“உணவே பிரஷரைக் குறைக்குமாமே, மாத்திரை எதற்கு?” என்று ஜமாஅத்தார் சிலர் கேட்கிறார்கள்.

பால், மீன், பயறு இவற்றின் புரதம் புளிக்கும்போதும் செரிக்கும்போதும் பெப்டைடு எனும் சிறு துணுக்குகளாகிறது. சில துணுக்குகள் ருசி தரும். சில, இரத்தக் குழாயைச் சுருங்கச் செய்யும் ஏ.சி.இ. நொதியைத் தடுக்கும். புளித்த பாலில் அத்தகைய இரண்டை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்டார்கள். எனலாப்ரில் மாத்திரை தடுப்பதும் அதே நொதியைத்தான். ஆனால் உணவால் குறைவது சிறிதளவே, எல்லோருக்கும் குறைவதுமில்லை.

ருசிக்காகக் கருவாட்டைக் கூட்டினால் உப்பும் கூடும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆணத்தில் உப்பைக் குறைத்து, இறக்கியதும் நம்மூர் எலுமிச்சையைப் பிழியுங்கள். ஊறுகாயாக அல்ல, சாறாக. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.