மாணாக்கர் விருப்பமும் சமூக நலமும்

மாணாக்கன் ஒருவன் பாடசாலையுட் புகும்பொழுது தனக்கென ஒரு விருப்பத்தையும் உடன்கொண்டே புகுகின்றான். ஒருவனுக்குக் கணக்கில் விருப்பம். ஒருவனுக்கு இசையில் விருப்பம். மற்றொருவனுக்கு இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தலில் விருப்பம். இது பெற்றோர் கொடுத்ததுமன்று, ஆசிரியர் கொடுத்ததுமன்று. மற்றொருபால், அவன் பிறந்த ஊரும், பேசும் மொழியும், முன்னோர் வைத்துப்போன கலைகளும் அவனிடத்து ஒரு கடனை எதிர்பார்த்து நிற்கின்றன. இவ்விரண்டும் தம்முள் மாறுபடாது நடத்தல் எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாம்.

இதன்கண் இரு திறத்தார் உளர். ஒரு திறத்தார், மாணாக்கன் விருப்பம் சிறுபிள்ளை விளையாட்டு எனவும், அதனை அடக்கிச் சமூகத்துக்கு வேண்டுவதை அவனுக்குப் புகட்டுதலே கல்வி எனவும் கூறுவர். மற்றைத் திறத்தார், விருப்பத்தை அதன்போக்கில் விட்டுவிடுதலே நன்று, சமூகப்பற்று வயது வந்தபின் தானே தோன்றும் என்பர். முன்னையோர் வழியிற் பயின்றவன் சமூகநலம் என்னும் சொல்லையே வெறுப்பான். பின்னையோர் வழியிற் பயின்றவன் தன் ஆற்றலை யாருக்குப் பயன்படுத்துவது என்று அறியாது நிற்பான். ஆதலின் இவ்விரண்டும் பொருந்தா. மாணாக்கன் விருப்பத்தை மாற்றாது, அவ்விருப்பத்தாலன்றி முடியாததாய்ச் சமூகத்துக்கு வேண்டியதாய் உள்ள ஒரு வேலையை அதற்குக் காட்டுதலே ஆசிரியர் கடன் என்பது எமது துணிபு.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டு கிழக்கிலங்கையிலுள்ள காரைதீவிலே பிறந்தார். மயில்வாகனம் என்பது அவரது பிள்ளைத்திருநாமம். இளமையில் ஊரிலே தமிழ் பயின்று, பின்பு கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். அவரது உள்ளம் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சென்றது. கொழும்பிலே தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று, பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியராகவும் விளங்கினார். அதே மனிதர் 1916ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலும் தேறினார். விஞ்ஞானம் கற்பவனுக்குத் தமிழ் எதற்கு என்றாவது, தமிழ் கற்பவனுக்குக் கணிதம் எதற்கு என்றாவது அவர் நினைந்திலர்.

1924ஆம் ஆண்டிலே அவர் துறவு பூண்டார். துறந்தும் தம் பழைய விருப்பத்தை அவர் துறந்திலர் என்பதே ஆசிரியர்கள் கருதத்தக்கது. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராயினார். 1936ஆம் ஆண்டு சென்னையிலே விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்குக் கூடிய மகாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். தமிழ் மாத்திரம் அறிந்தாரும், விஞ்ஞானம் மாத்திரம் அறிந்தாரும் தனித்து நின்று அவ்வேலையை முடித்தல் அரிது. இரண்டும் அறிந்த ஒருவர் சமூகத்துக்கு வேண்டியிருந்தார். அவர் ஆயத்தமாக இருந்தார்.

இதனினும் சிறந்தது அவரது யாழ்நூல். தமிழர் வாசித்த யாழ் வழக்கொழிந்து போயிற்று. அதன் நரம்புகளும், அவற்றிற் பிறந்த பண்களும் பழைய நூல்களிலே சொல்லளவாய் நின்றன. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை முதலியவற்றிற் காணும் குறிப்புக்களைப் புலவர் உரைகொண்டு மாத்திரம் விளக்குதல் இயலாதாயிற்று. விபுலாநந்தர் அக்குறிப்புக்களைக் கணித முறையால் அளந்து, நரம்புகளின் அலகுகளைக் கணக்கிட்டு, யாழின் வகைகளை ஆராய்ந்து எழுதினார். அந்நூல் 1947ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அடுத்த மாதத்திலேயே அவர் இவ்வுலகு நீத்தார். இளமையிற் கணக்கை விரும்பிய மாணாக்கனது விருப்பமே முதுமையில் ஒரு சமூகத்தின் இழந்த செல்வத்தைத் தேடுங் கருவியாயிற்று என்க.

இதனை வகுப்பிலே ஒரு பாடமாக்குதலும் எளிதேயாம். ஒரு பலகையின் இருமுனையிலும் தாங்கு கட்டைகளை நிறுத்தி, அவற்றிற்கிடையே 60 சதமமீற்றர் நீளமுள்ள கம்பி ஒன்றை இறுகக் கட்டுக. அதனை மீட்டப் பிறக்கும் ஒலியைக் குரல் எனக் கொள்க. இழுவிசை மாறாதபடி மற்றொரு சிறு கட்டையை நகர்த்தி, கம்பியின் 30 சதமமீற்றரை மாத்திரம் மீட்டுக. அக்குரலே ஒரு தானம் உயர்ந்து ஒலிக்கும். 40 சதமமீற்றரை மீட்டினால் ஐந்தாம் நரம்பாகிய இளியும், 45 சதமமீற்றரை மீட்டினால் நான்காம் நரம்பாகிய உழையும் பிறக்கும். நீளம் குறையக் குறைய அதிர்வு கூடும் என்னும் பௌதிக விதி இதனாற் புலப்படும். பின்னங்களின் பயனும் புலப்படும். கணக்கில் வல்லவனுக்கு மேலும் ஒன்று கூறுக: ஒன்றரையைப் பன்னிரண்டு முறை தன்னாற் பெருக்கின் ஏறத்தாழ 129.75 ஆகும், இரண்டை ஏழு முறை பெருக்கின் 128 ஆகும். இளிமுறையால் ஏறிச்செல்லும் நரம்பு தொடங்கிய குரலோடு முற்றும் ஒவ்வாது சிறிது விஞ்சுவது இதனாலேயாம். பண்டைத் தமிழ் இசையின் நுட்பங்களுள் ஒன்றைத் தன் கணக்கே திறந்து காட்டியதை அம்மாணாக்கன் பின் மறவான்.

இனி இக்காலத்து நிலையை நோக்குவாம். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குப்பின் மாணாக்கர் கலை, வர்த்தகம், விஞ்ஞானம், கணிதம், தொழினுட்பம் எனப் பிரிந்து போகின்றனர். கணிதம் எடுத்தவனுக்குத் தமிழிலக்கியமும், தமிழ் எடுத்தவனுக்குப் பௌதிகமும் அன்றோடு நின்றுவிடுகின்றன. இப்பிரிவு பரீட்சையின் வசதிக்கு ஏற்பட்டது, உள்ளத்துக்கு ஏற்பட்டதன்று. பாடத்திட்டத்தை மாற்றுதல் வகுப்பாசிரியர் கையில் இல்லை. ஆயினும், பிரிந்தவற்றை இணைக்கும் ஒரு சிறு வேலையை வகுப்பிலே கொடுத்தல் அவர் கையிலேயே உள்ளது.

அத்தகைய வேலைகள் நம் ஊர்களிலே நிறைந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டுமுழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லிடையே தங்கும் மழைநீரே கிணற்றுநீராம். மிகுதியாக இடப்படும் பசளையால் அந்நீரில் நைத்திரேற்றுக் கூடுதலும், அளவிறந்து இறைத்தலால் உவர் ஏறுதலும் உண்டு. இரசாயனம் விரும்பும் மாணாக்கன் தன் ஊர்க் கிணறுகளின் நீரை மாதந்தோறும் சோதித்துக் குறித்து வைப்பானாயின், அஃது ஊருக்கும் பயன், அவன் கல்விக்கும் பயன். தாவரவியல் விரும்புவோள் மூலிகைகளின் தமிழ்ப் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதலாம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவ்விழப்பின் பின், எஞ்சியவற்றை மின்வடிவிற் காக்கும் பணியை நூலகம் என்னும் முயற்சி 2005ஆம் ஆண்டு முதற் செய்துவருகின்றது. கணினியில் ஈடுபாடுடைய மாணாக்கருக்கு, வீட்டுப் பெட்டகங்களிற் கிடக்கும் பழைய மலர்களையும் கடிதங்களையும் படமெடுத்துப் பாதுகாத்தலினும் ஏற்ற வேலை வேறென்னை?

ஈண்டு ஆசிரியர்கள் காத்துக்கொள்ளவேண்டியன சில உள. முதலாவது, மாணாக்கன் விருப்பத்தை ஆசிரியர் தாமே தெரிந்தெடுத்து அவன்மேற் சுமத்தலாகாது. அவன் எதனைக் கேளாமலே செய்கின்றான் என்று பல நாள் நோக்கி அறிதல் வேண்டும். இரண்டாவது, வேலை சிறியதாயும் முடிவுடையதாயும் இருத்தல் வேண்டும். முடியாத பெருவேலை மனத்தைச் சோர்விக்கும். மூன்றாவது, சமூகத்தொண்டு என்னும் பெயரால் பிழைகளைப் பொறுத்தலாகாது. பிழையாக அளந்த கிணற்றுநீர்க் கணக்கு ஊருக்குத் தீங்கு செய்யும். பரீட்சைத் தாளினும் கண்டிப்பாக அதனைத் திருத்துக. நான்காவது, இத்தகைய வாய்ப்புக்கள் சில வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியனவாக நின்றுவிடலாகாது. விபுலாநந்தர் பேராசிரியராய் இருந்த காலத்தும் திருவேட்களத்திலே ஒடுக்கப்பட்டோர் வாழ்ந்த சேரிக்குச் சென்று கல்வித்தொண்டு புரிந்தார். விருப்பம் எல்லாக் குடியிலும் பிறக்கின்றது. அதனைக் கண்டுபிடிக்கும் ஆசிரியரே எல்லாக் குடிக்கும் கிடைப்பதில்லை.

ஊரையும் மொழியையும் நேசி என்று நாள்தோறும் கூறுதலால் நேசம் பிறவாது. தன் கைத்திறன் ஊருக்கு வேண்டியிருக்கின்றது என்று ஒருமுறை அறிந்த பிள்ளைக்கு அதனைப் பின்னர் ஒருவரும் சொல்லவேண்டுவதில்லை. ஆதலின், ஆசிரியர்காள், இத்தவணை முடியுமுன் நும் வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரேயும் அப்பிள்ளையின் விருப்பம் இன்னது என ஒரு சொல் எழுதிப் பார்மின். எழுத இயலாது வெறுமையாய் நிற்கும் பெயர்கள் எத்தனை என்று எண்ணுமின். நும் வேலை அப்பெயர்களிலிருந்து தொடங்குக.