கார்த்திகைக் கவாத்தும் இளவேனில் மல்லிகையும்

தறியில் அமர்வதற்கு முன்பே துணியின் தரம் பெரும்பாலும் தீர்மானமாகி விடுகிறது என்பதை நம் நெசவாளர்கள் அறிவார்கள். பாவு ஓடி, கஞ்சியிட்டு, இழை பிரித்துச் சீராக அமைத்த பின்னரே ஊடை ஓடுகிறது. பாவு பழுதானால், ஊடை எவ்வளவு நயமானதாயினும் பயனில்லை. தோட்டத் தொழிலும் இவ்வாறே. இளவேனிலில் பூக்கும் பூவுக்குப் பாவு அமைக்கும் காலம் கூதிர்ப் பருவமாகிய ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். இவ்வுண்மை மற்ற எந்தப் பயிரையும்விட மல்லிகைக்கு மிகவும் பொருந்தும். ஆகவே இம்மாதப் பாடமாக, மல்லிகைத் தோட்டத்தில் இப்போது செய்ய வேண்டிய பணிகளையும், அவற்றைத் தள்ளிப் போடுவதால் வரும் நஷ்டத்தையும் எடுத்துக் கொள்வோம்.

கவாத்து ஏன்?

மல்லிகை, புதிதாகத் துளிர்த்து வரும் கிளைகளிலேதான் பூக்கும் இயல்புடையது. சென்ற ஆண்டின் முற்றிய கிளைகள் இலையைத் தாங்குமேயன்றிப் பூவைத் தாரா. அவற்றை அப்படியே விட்டு வைத்தால், வேர் தேடித் தரும் சத்து வீணே பிரிந்து, செடி புதராக வளர்ந்து, நடுவில் வெயிலும் காற்றும் புகாமல் பூச்சிகளுக்குப் புகலிடமாகி விடும். முற்றிய கிளைகளை வெட்டியவுடன், கணுக்களில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்துத் துளிர்க்கின்றன. அத்துளிர்கள் முன்பனி, பின்பனிக் காலங்களில் வளர்ந்து திரண்டு, வெயில் ஏறத் தொடங்கும் மார்ச்சு மாதத்தில் மொட்டு வைக்கின்றன. குண்டுமல்லிக்கு மார்ச்சு முதல் ஜூலை வரையே முக்கியப் பூப்புக் காலம். அதற்கேற்ற கவாத்துக் காலம் நவம்பர் மாதக் கடைசி வாரம். அதாவது ஏறத்தாழக் கார்த்திகை இரண்டாம் வாரம்.

பிச்சிக்கும் முல்லைக்கும் இக்காலம் பொருந்தாது. அவற்றை மார்கழி, தை மாதங்களில் வெட்டுவதே வழக்கம். மூன்றையும் கலந்து பயிரிட்டிருக்கும் அங்கத்தினர்கள், ஆட்கள் கிடைத்தார்களே என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டி விடலாகாது.

ஐப்பசியில் செய்ய வேண்டியவை

மல்லிகைக்கு நீர் வேண்டும். ஆனால் நீர் தேங்குதல் கூடாது. வடகிழக்குப் பருவ மழை பலமாகப் பெய்யும் ஐப்பசியில், பாத்திகளில் நிற்கும் நீர் வடிந்து போகும்படி வாய்க்கால்களைச் சீர்திருத்துவது முதற் பணி. வேர் மூச்சு விட முடியாத மண்ணில் கவாத்துச் செய்தாலும் துளிர் வலுவாக வராது.

இரண்டாவது, உரத்தைத் தேடி வைத்துக் கொள்ளுதல். நன்கு வளர்ந்த குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டொன்றுக்குத் தொழு உரம் 10 கிலோவும், தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல் சத்து 120 கிராமும் சிபாரிசு செய்யப்பட்டுள்ளன. தொழு உரத்தைக் கவாத்தின்போதே இட்டு விடலாம். மற்ற மூன்று சத்துக்களையும் இரு சம பங்காக்கி, ஒரு பங்கைக் கவாத்து முடிந்ததும், மறு பங்கை ஜூன், ஜூலை மாதங்களிலும் இட வேண்டும். கவாத்துக் காலத்துப் பங்கை நாம் வாங்கும் உரமாகக் கணக்கிட்டால், செடிக்கு யூரியா சுமார் 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் ஆகிறது.

செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை ஒன்றேகால் மீட்டர் இடைவெளி விட்ட ஏக்கரில் சுமார் 2,590 செடிகள் நிற்கும். அவ்வளவுக்கும் இந்த ஒரு பங்குக்கு மட்டும் யூரியா 168 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 971 கிலோ, பொட்டாஷ் 259 கிலோ தேவை. சூப்பர் பாஸ்பேட்டு மட்டுமே 50 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 20 மூட்டை என்பதைக் கவனிக்க வேண்டும். கவாத்து முடிந்த பிறகு கடைக்கு ஓடுவோருக்கு இத்தனை மூட்டை ஒரே நாளில் கிடைப்பது அரிது. ஆகையால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் செடிகளை எண்ணி, தேவையை ஐப்பசி முதல் வாரத்திலேயே சங்கத்தில் பதிவு செய்தல் நலம். மண் பரிசோதனை செய்து கொண்டவர்கள், அதன் முடிவுக்குத் தக்கபடி இவ்வளவைக் குறைத்துக் கொள்ளலாம், செலவு மிச்சமாகும்.

கார்த்திகையில் கவாத்து

மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் காணும் சமயம் பார்த்துக் கவாத்துச் செய்ய வேண்டும். மழை இல்லாத இடங்களில், ஒரு வாரம் முன்பாகவே பாசனத்தை நிறுத்திச் செடியைச் சற்று வாட விடுவது நல்லது. வெட்டும் முறை வருமாறு:

1. தரை மட்டத்திலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான உயரத்தில், எல்லாக் கிளைகளையும் ஒரே அளவாக வெட்டுக. குச்சி ஒன்றை இந்த அளவுக்கு நறுக்கிக் கையில் வைத்துக் கொண்டால் கண்ணளவு தவறாது.

2. பின்னர் காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றன்மேல் ஒன்று உராயும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்குக. செடியின் நடுப்பகுதி திறந்திருக்க வேண்டும்.

3. கவாத்துக் கத்தரியோ அரிவாளோ எதுவாயினும் கூர்மையாயிருத்தல் அவசியம். மழுங்கிய கருவி கிளையை நார் நாராகக் கிழித்து விடும். அக்காயத்தில் நீர் இறங்கி அழுகல் உண்டாகும்.

4. பருத்த கிளைகளின் வெட்டு வாயில் போர்டோ பசை தடவுக. மயில் துத்தம் 100 கிராமை அரை லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, பிறகு ஒன்று சேர்த்தால் இப்பசை கிடைக்கும். மண் பாத்திரமோ பிளாஸ்டிக் பாத்திரமோ உபயோகிக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது.

5. வெட்டி வீழ்த்திய கழிவில் நோயுற்றதைத் தனியே எரித்து விட்டு, நல்லதை மக்கு உரக் குழியில் சேர்க்கவும். வரப்பில் குவித்து வைத்தல், பூச்சிகளை நாமே வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

நட்டு ஓராண்டும் நிரம்பாத இளஞ்செடிகளுக்கு இக்கடுமையான கவாத்து வேண்டுவதில்லை. நுனி கிள்ளி விட்டாலே போதும்.

கவாத்து முடிந்ததும் செடியைச் சுற்றி மண்ணை மேலாகக் கொத்தி விட வேண்டும். இதனால் களை அழிவதோடு மற்றொரு நன்மையும் உண்டு. மொட்டுகளை ஊதா நிறமாக்கி வாடச் செய்யும் மொட்டு ஈ, தன் கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணிலேதான் கழிக்கிறது. கொத்திய மண்ணில் அக்கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. பிறகு, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாகக் குழி பறித்து, தொழு உரத்தையும் மற்ற உரங்களையும் இட்டு மூடி நீர் பாய்ச்ச வேண்டும்.

மார்கழி முதல் மாசி வரை

மார்கழியில் துளிர் எழும். அப்போது இலைகள் நரம்பு மட்டும் பசுமையாகவும் மற்ற இடம் வெளிறியும் காணப்பட்டால், அது இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இது சாதாரணம். லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி வீதம் கரைத்து, இலை பசுமையாகும் வரை மாதம் ஒரு முறை தெளித்தால் தீரும். தை, மாசியில் பனி குறைந்து வறட்சி தொடங்கும்போது, இலையின் அடியில் செம்பேன் தோன்றுகிறதா என்று வாரம் ஒரு முறை திருப்பிப் பார்க்க வேண்டும். கண்டால், நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம்.

தள்ளிப் போடுவதன் நஷ்டம்

இம்முறைகள் யாவும் நம் தோட்டக்காரர்களுக்குப் புதியன அல்ல. மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக மல்லிகை பயிரிட்டு வருவோர் இவற்றை நன்கு அறிவர். மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததும் அவர்கள் உழைப்பினாலேயே. அறிந்திருந்தும் பலர் கார்த்திகையில் கவாத்துச் செய்யாமல் தை வரை தள்ளிப் போடுவது ஏன்?

காரணம் விலை. குளிர் காலத்தில் மல்லிகை அரிதாகவே பூக்கும். வரத்துக் குறைவதால், சித்திரையில் கேட்பாரின்றிக் கிடந்த பூவுக்குப் பனிக் காலத்தில் பன்மடங்கு விலை ஏறுகிறது. பொங்கலை ஒட்டியும் தை மாத முகூர்த்தங்களிலும் அது மேலும் உயர்கிறது. அந்நேரத்தில், செடியில் இருக்கும் ஒரு படிப் பூவையும் வெட்டி எறிய மனம் வருவதில்லை. இது பேராசை என்று நாம் சொல்ல மாட்டோம். கவாத்துச் செய்த நாள் முதல் மார்ச்சு வரை மூன்று மாதத்திற்கு மேல் தோட்டத்திலிருந்து ஒரு காசும் வராது. ஆனால் கவாத்துக் கூலி, உரம், பாசனம் என்று செலவு மட்டும் வரும். சிறிய தோட்டக்காரர் அந்த மூன்று மாதத்தைக் கடப்பது எளிதன்று.

ஆயினும் கணக்கைப் பார்க்க வேண்டும். பனிக் காலத்தில் பறிப்பது கையளவு. அதற்காகக் கவாத்தைத் தையில் செய்தால் துளிரும் பூவும் அத்தனை நாள் பின் தள்ளிப் போகும். பங்குனியில் கிடைக்க வேண்டிய முதற் பூ சித்திரையில், எல்லோருடைய பூவும் சந்தையில் குவியும் வேளையில் வந்து சேரும். கவாத்தே செய்யாது விட்டவருக்கோ, ஆண்டு முழுவதுமே பூ சிறுத்து மெலியும்.

மற்றொரு வழியையும் சிலர் மேற்கொள்கின்றனர். பூ மண்டியில் முன்பணம் வாங்கிக் கவாத்துச் செலவைச் சமாளிக்கின்றனர். அவ்வாறு வாங்கியவர், பூத்த பிறகு அதே மண்டிக்கே பூவைக் கொடுக்கக் கடமைப்படுகிறார். விலையையும் கமிஷனையும் பேசும் உரிமை அவருக்கு இல்லாமற் போகிறது. கார்த்திகையில் வாங்கிய பணத்துக்கு வட்டியை அவர் வைகாசி வரை பூவாகச் செலுத்துகிறார் என்றே சொல்ல வேண்டும்.

கூட்டாகச் செய்யக் கூடியவை

இவ்விடத்தில்தான் சங்கம் பயன்பட வேண்டும். நாம் மூன்று யோசனைகளை அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

முதலாவது, பயிர்க்கடன் மனுக்களைப் புரட்டாசியிலேயே முடித்து வைத்தல். கார்த்திகையில் கவாத்துக்கு வேண்டிய பணம் தையில் கைக்கு வந்தால், அதற்குள் மண்டி முன்பணம் வாங்கப்பட்டு விடும்.

இரண்டாவது, தோட்டத்தைப் பிரித்து வெட்டுதல். ஒரு ஏக்கர் உள்ளவர் அதை மூன்று பகுதியாக்கி, முதற் பகுதியைக் கார்த்திகை இரண்டாம் வாரத்திலும், மற்ற இரண்டையும் இரண்டிரண்டு வாரம் விட்டும் கவாத்துச் செய்யலாம். பெரும் பகுதி உரிய காலத்தை ஒட்டியே வெட்டப்படும். கடைசிப் பகுதியில் பனிக் காலத்துப் பூ சிறிது கிடைத்துக் கைச்செலவுக்கு உதவும். இளவேனிலிலும் பூ ஒரே வாரத்தில் குவியாமல் பகுதி பகுதியாக வரும். அரை ஏக்கர், கால் ஏக்கர் உள்ளவர்கள், பக்கத்துத் தோட்டக்காரருடன் பேசி இம்முறை வைத்துக் கொள்ளலாம்.

மூன்றாவது, கவாத்து ஆட்களைக் கூட்டாக அமர்த்துதல். ஒரே வாரத்தில் எல்லோரும் ஆள் தேடினால் கூலி உயரும். முறை வைத்து ஒரே குழு தோட்டம் தோட்டமாகச் சென்றால், கூலியும் கட்டுப்படும், வெட்டும் ஒரே சீராக இருக்கும்.

நெசவாள அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். மழைக் காலத்தில் தெருவில் பாவு போட இயலாது. குழித்தறியில் ஈரம் ஏறித் தொழில் மந்தமாயிருக்கும். அந்நாட்களில், முற்றத்தில் நிற்கும் ஓரிரு மல்லிகைச் செடிக்கும் இதே முறையில் கவாத்துச் செய்து, மண்ணைக் கொத்தி, ஒரு கூடைத் தொழு உரம் இடுங்கள். செலவு ஒன்றுமில்லை, வீட்டுத் தேவைக்குப் பூ வாங்கும் காசு மிச்சம்.

பூத்துக் குலுங்கும் தோட்டத்தைக் காண்போர் பலர். கார்த்திகையில் மொட்டையாக நிற்கும் தோட்டத்தைக் கண்டு மனந்தளராதிருப்பவர் சிலரே. அந்தச் சிலருள் நம் சங்கத்தினர் யாவரும் இடம் பெற வேண்டுமெனில், ஒருவர் தனியே தாங்க முடியாத அந்த மூன்று மாதத்தை நாம் எல்லோரும் சேர்ந்து தாங்கும் ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும். அடுத்து நடைபெறும் சங்கக் கூட்டத்தில் இம்மூன்று யோசனைகளையும் எடுத்துப் பேசி, அவரவர் செடிக் கணக்குடன் வருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.