குதிரைகள் நடந்த கரை

அன்புள்ள சகோதரிக்கு,

ஐரோப்பாவில் வழிகாட்டியோடு குழுவாகச் சைக்கிள் பயணம் போக ஆசை, ஆனால் 58 வயதில் கூட வருகிறவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். பாதையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் டான்யூப் நதிக்கரையைத்தான் சொல்வேன். ஜெர்மனியின் பாஸாவ் நகரில் தொடங்கி ஆஸ்திரியாவின் வியன்னாவில் முடிவது, ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஒரு வாரத்தில் நிதானமாகப் போகலாம்.

இந்தப் பாதை முழங்காலை வருத்துவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னால், ஆற்றின் போக்குக்கு எதிராகச் சரக்குப் படகுகளைக் குதிரைகள்தான் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தன. குதிரைகள் நடக்கத் தண்ணீரை ஒட்டிச் சமமாகப் பாதை போட்டார்கள். 1829-இல் வியன்னாவில் டான்யூப் நீராவிக் கப்பல் நிறுவனம் தொடங்கியது. நாளடைவில் குதிரைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்தக் கரைப் பாதையின் பல பகுதிகளில்தான் இன்று சைக்கிள்கள் போகின்றன. அட்லாண்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை செல்லும் யூரோவெலோ 6 என்ற நெடுந்தடத்தில் இது ஒரு துண்டு. மேற்கிலிருந்து கிழக்கே போனால் ஆறும் உங்களோடு வரும், பெரும்பாலும் காற்றும் முதுகுப் பக்கம் இருக்கும்.

குழுவைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். நல்ல வழிகாட்டி காலையிலேயே அன்றைய தூரத்தைச் சொல்லி, எங்கெங்கே எல்லாரும் ஒன்றுசேர வேண்டும் என்று குறித்துக் கொடுத்துவிடுவார்: ஒரு தேவாலய வாசல், ஒரு படகுத்துறை. இடையில் அவரவர் வேகம் அவரவருக்கு. பெட்டிகளை வேன் அடுத்த விடுதியில் இறக்கிவிடும். கடைசியாக வருகிறவர் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த கட்டம் கிளம்பும். அப்படி நடத்தாத குழுவில் இளவயதுக்காரரும் போகக் கூடாது என்பது என் கட்சி. தேவையென்றால் மின்சார உதவியுள்ள சைக்கிளைக் கேட்டு வாங்குங்கள், அதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

சைக்கிளைக் கையில் வாங்கியதும் பெடலைப் பின்னோக்கி ஒருமுறை மிதித்துப் பாருங்கள். அங்கே வாடகைக்குத் தரும் பல சைக்கிள்களில் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் பெடலைச் சும்மா பின்னால் சுற்றினால் திடுக்கென்று நின்றுவிடுவீர்கள். பிரேக் பிடிகளில் எது முன்சக்கரத்துக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். போக்குவரத்து வலப்பக்கம், முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஷ்லோகன் என்ற இடத்தில் கருங்கல் மலை மறிக்க, ஆறு வந்த திசைக்கே திரும்பி வளைகிறது. சைக்கிளோடு ஆளை ஏற்றிக்கொள்ளும் சிறு படகுகள் அங்கே உண்டு. லின்ஸ் நகரைத் தாண்டினால் மௌட்ஹௌசன். இங்கேதான் நான் உங்களிடம் வற்புறுத்திக் கேட்கும் ஒன்று இருக்கிறது. ஆற்றங்கரையில் அழகான சிற்றூர். மேலே குன்றில், 1938-இல் நாஜிகள் அமைத்த வதைமுகாம். கைதிகள் கல்குவாரியிலிருந்து கருங்கல் பாளங்களைச் சுமந்து 186 படிகள் ஏற வேண்டியிருந்தது. 1945 மே மாதம் அமெரிக்கப் படை வந்து மீட்கும்வரை, மௌட்ஹௌசனிலும் அதன் கிளை முகாம்களிலும் இறந்தவர்கள் குறைந்தது 90,000 பேர். ஏற்றம் செங்குத்து என்பதாலும் விடுமுறை மனநிலை கெடும் என்பதாலும் சிலர் கீழேயே கடந்துபோகிறார்கள். நீங்கள் அப்படிக் கடந்துபோகாதீர்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது ஏறுங்கள், அல்லது வேனில் அழைத்துப்போகச் சொல்லுங்கள். அரை நாள் அதற்கென்று ஒதுக்காத பயணத் திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பிறகு மெல்க். 1089 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் இருக்கும் மடம். இன்று பாறைமேல் நாம் பார்க்கும் பெரிய கட்டடம் 18-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அங்கிருந்து கிரெம்ஸ் வரை வாஹாவ் பள்ளத்தாக்கு, 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள், அவற்றுக்குள் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், கீழே ஆப்ரிகாட் மரங்கள். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192-இல் சிறைவைத்த டூர்ன்ஸ்டைன் கோட்டை இடிபாடாக மேலே நிற்கிறது. இந்தப் பகுதியை ஒரே நாளில் ஓட்டி முடிக்கலாம். வழிகாட்டியிடம் கேட்டு இரண்டு நாளாக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். தோசைத் துண்டுகள் மிதப்பது போன்ற ஒரு சூப் எங்கும் கிடைக்கும்; அதன் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் எடுத்தது, கேட்காமல் வாங்காதீர்கள். ஆப்ரிகாட் பழத்தை முழுதாக உள்ளே வைத்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தரும் உருண்டையில் இறைச்சி இல்லை; மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலை நடுவில் போனால் புதுப் பழத்தில் செய்தது கிடைக்கும். ஆனால் வெயிலும் கூட்டமும் அப்போதுதான். உங்களுக்குச் செப்டம்பரே நல்லது என்று நினைக்கிறேன். திராட்சை முற்றியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். சைக்கிள் ஓட்டும்போது படும் காயம் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பயண நிறுவனங்களின் திட்டங்கள் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்