புண் ஆற்றும் வெள்ளணுக்கள்

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் தகடு கையைக் கிழிப்பது அன்றாடம் காணும் காட்சி. உடனே வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துக் கசக்கிச் சாறு பிழிவார்கள். சில நாளில் புண் ஆறிவிடும். ஆற்றியது பூண்டா, உடம்பா? எங்கள் விலங்கியல் வகுப்பில் இவ்வினா எழுந்தபோது பலரும் பூண்டின் பக்கமே நின்றனர். நான் உடம்பின் பக்கம் பேச விரும்புகிறேன்.

வெட்டுப்பட்ட இடத்தில் இரத்தம் உறைந்து வாயை அடைத்ததும், சில மணி நேரத்திற்குள் நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் இரத்தக் குழாயின் சுவரை ஊடுருவி வெளியேறுகின்றன. கிருமிகளை விழுங்குவதே இவற்றின் தொழில். நாம் அருவருக்கும் சீழில் பெரும்பகுதி, போரிட்டு மடிந்த இவ்வணுக்களே!

இரண்டு மூன்று நாளில் மாக்ரோபேஜ் எனும் பெருவிழுங்கிகள் வருகின்றன. 1882-இல் இத்தாலியின் மெசினாவில் மெச்னிகாஃப் என்பார், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் இளவுயிரியின் உடலில் முள்ளைக் குத்தி, அதை அணுக்கள் மொய்ப்பதைக் கண்டார். 1908-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் விழுங்குவதோடு இவற்றின் வேலை முடிகிறதா? 1972-இல் சிம்சன், ராஸ் இருவரும் கினிப்பன்றிகளில் நியூட்ரோபில்களைக் குறைத்துப் பார்த்தனர். கிருமி சேராத புண் வழக்கம்போல் ஆறியது. 1975-இல் லீபோவிச்சும் ராசும் மாக்ரோபேஜ்களைக் குறைத்தபோதோ, குப்பையும் அகலவில்லை, புதுத் திசு உருவாவதும் தாமதமாயிற்று. வீட்டைக் கூட்டுகிறவளே கொத்தனாரையும் கூப்பிடுகிறாள் எனலாம். மாக்ரோபேஜ் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளால் நார்த்திசு அணுக்கள் வந்து கொலாஜனை நெய்கின்றன. அக்கொலாஜனின் முப்புரி அமைப்பை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வெளிப்படுத்தியது நமக்குப் பெருமை.

பூண்டைப் பழிப்பது என் நோக்கமன்று. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து நம் வரப்பில் வேரூன்றிய அச்செடியின் சாற்றை எலிகளில் சோதித்த ஆய்வுகளும் உண்டு. ஆனால் மண்ணோடு சாற்றை வைத்துக் கட்டினால் ரணஜன்னிக் கிருமி உட்புகலாம். அதன் நஞ்சிலிருந்து காப்பது முன்கூட்டிப் போட்ட தடுப்பூசியே. வெள்ளணுக்களை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நீரிழிவுக்காரர் நிலை இன்னும் கடினம். அவர்கள் புண்ணில் மாக்ரோபேஜ்கள் அழற்சி நிலையிலேயே நீடித்து, சீரமைக்கும் நிலைக்கு எளிதில் மாறுவதில்லை. காலில் உணர்ச்சியும் குன்றிவிடுவதால் முள் தைத்ததே தெரியாது. எங்கள் தெருவில் தறி ஓட்டும் பெரியவர் ஒருவர் இரண்டு மாதம் பூண்டுச் சாறே விட்டுவந்தார். பிறகு கால் கட்டைவிரலை எடுக்க நேர்ந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது, மருத்துவமனையில் சேர்த்த அன்றுதான் வீட்டாருக்கே தெரிந்தது.